மூன்று நர்சுகள், 168 மணி நேரம்

காஸ்ட் அக்கவுண்டிங் படித்த எல்லோருக்கும் 'ஐடில் டைம்' தெரிந்திருக்கும். சம்பளம் போய்க்கொண்டே இருக்கிறது, ஆனால் வேலை நடக்கவில்லை. மெஷின் ரிப்பேர், கரண்ட் கட், சரக்கு வரவில்லை... காரணம் எதுவாக இருந்தாலும் அந்த நேரம் ஒரு செலவு. அதைக் குறைக்கிறவர்தான் நல்ல மேனேஜர். பரீட்சையில் அப்படி எழுதினால்தான் மார்க்.

இந்தப் பாடத்தை அப்படியே தூக்கிக்கொண்டு போய் ஒரு பிரசவ வார்டில் வைத்தால் என்ன ஆகும்? உயிர் போகும். ரொம்பக் கடுமையாகத் தெரிகிறதா? கீழே உள்ள கணக்கைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். கூட்டல், பெருக்கல் தெரிந்தால் போதும்.

பூட்டியிருந்த கதவு

முதலில் கொஞ்சம் பழைய கதை. இருபது, இருபத்தைந்து வருடங்களுக்கு முன்னால் தமிழ்நாட்டில் பல ஆரம்ப சுகாதார நிலையங்கள் (ஊரில் பி.எச்.சி. என்றுதான் சொல்வார்கள்) பகல் நேரத்து ஆஸ்பத்திரிகள். காய்ச்சலுக்கு மாத்திரை, குழந்தைக்குத் தடுப்பூசி, கர்ப்பிணிக்கு இரும்புச்சத்து மாத்திரை எல்லாம் உண்டு. சாயங்காலம் ஆனால் கதவு பூட்டு. பிரசவ வலிக்கு ஓ.பி. நேரம் தெரியுமா? ராத்திரி வலி கண்டால் கிராம சுகாதார நர்ஸை வீட்டில் போய் எழுப்ப வேண்டும், அல்லது வண்டி பிடித்து டவுனுக்கு ஓட வேண்டும்.

2000-களில் இது மாறியது. பெரிய கட்டடம் கட்டி மாற்றவில்லை. ஒரு பி.எச்.சி.க்கு மூன்று ஸ்டாஃப் நர்ஸ், ஆளுக்கு எட்டு மணி நேர ஷிஃப்ட் என்ற ஏற்பாடு. மூவெட்டு இருபத்து நாலு. கதவு ராத்திரியும் திறந்தது. இதற்கு மேல் ஒரு அடுக்காக, ஆபரேஷன், ரத்தம், மயக்க மருந்து டாக்டர், குழந்தை டாக்டர் எல்லாம் 24 மணி நேரமும் இருக்கிற சீமாங் மையங்கள் மாவட்டந்தோறும் வந்தன. 2008 செப்டம்பரில் 108 ஆம்புலன்ஸ் வந்து கீழ் அடுக்கையும் மேல் அடுக்கையும் இணைத்தது.

பலன்? 2001-03ல் தமிழ்நாட்டில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 134 தாய்மார்கள் இறந்தார்கள். 2018-20ல் அது 54. இந்தியாவின் சராசரி அதே காலத்தில் 301-லிருந்து 97-க்கு வந்தது. எல்லாப் பெருமையும் மூன்று நர்ஸ் ஏற்பாட்டுக்கே என்று சொல்ல முடியாது. ரத்த வங்கி, உதவித்தொகை, ஒவ்வொரு தாய் மரணத்துக்கும் காரணம் தேடும் தணிக்கை எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. ஆனாலும் ஆளை எங்கே, எந்த நேரத்தில் நிறுத்துவது என்பதை மாற்றினாலே எவ்வளவு மாறும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

நல்ல திட்டம்தான். அதனால்தான் அதன் கணக்கை இன்னொரு முறை போட்டுப் பார்க்க வேண்டும்.

மூவெட்டு இருபத்து நாலு சரி, ஞாயிற்றுக்கிழமை?

ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். ஒரு நர்ஸ் வாரம் ஆறு நாள், நாளைக்கு எட்டு மணி நேரம் வேலை செய்தால் 48 மணி. மூன்று பேருக்கு 144. மீதி 24 மணி நேரத்துக்கு யார்?

யாரும் இல்லை! அதாவது வாரத்துக்கு மூன்று ஷிஃப்ட் துண்டு விழுகிறது. அதை அந்த மூன்று பேரே இழுத்துப்பிடித்துப் பார்க்கிறார்கள். ஒருவர் வீக்லி ஆஃப் போனால் மற்ற இருவர் ஆளுக்குப் பன்னிரண்டு மணி நேரம்.

இது விடுப்பே எடுக்காதவர்களின் கணக்கு. வருடக் கணக்காகப் பாருங்கள். 365 நாளில் வார விடுமுறை 52, தற்செயல் விடுப்பு 12, ஈட்டிய விடுப்பு 30 போனால் மீதி 271 நாள். எட்டால் பெருக்கினால் 2,168 மணி. வருடத்துக்கு மொத்தம் 8,760 மணி நேரம். வகுத்தால் 4.04. அரசு விடுமுறை, உடம்பு சரியில்லாத நாள், பயிற்சிக்குப் போகும் நாள் எல்லாம் சேர்த்தால் நாலரை பக்கம் வரும். ஒரே ஒரு நாற்காலியில் எந்நேரமும் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டுமென்றால் நாலரைப் பேரை வேலைக்கு எடுக்க வேண்டும். மூன்று பேரை அல்ல.

டெல்லிக்கும் இது தெரியாமல் இல்லை. 2012-ல் வந்த தேசியப் பொது சுகாதாரத் தர விதிகள், மாதம் 20 பிரசவத்துக்குக் குறைவான பி.எச்.சி.க்கு மூன்று ஸ்டாஃப் நர்ஸ், அதற்கு மேல் என்றால் நாலு என்று சொன்னன. நாலும் போதாது என்பதைத்தான் மேலே உள்ள வகுத்தல் சொல்கிறது.

இதில் ஒரு வேடிக்கையான சோகம் உண்டு. பிரசவம் பார்க்கும் நர்ஸ்களுக்கும் பிரசவம் ஆகும். தமிழ்நாடு அரசு தன் பெண் ஊழியர்களின் மகப்பேறு விடுப்பை 2021 ஜூலையிலிருந்து 12 மாதமாக்கியது. ரொம்ப நியாயமான முடிவு. ஆனால் மூன்று பேரில் ஒருவர் அந்த விடுப்பில் போய், மாற்று ஆள் வரவில்லை என்றால், மீதி இருவர் 168 மணி நேரத்தைப் பங்குபோட வேண்டும். ஆளுக்கு வாரம் 84 மணி நேரம். ஒரு பெண் நிம்மதியாகப் பிள்ளை பெற, இன்னும் இரண்டு பெண்கள் தூங்காமல் இருக்க வேண்டும் என்பது என்ன ஏற்பாடு?

சராசரி என்கிற பொய்

ஒரு பி.எச்.சி.யில் வருடத்துக்கு 300 பிரசவம் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 25. நாளைக்கு ஒன்றுகூட இல்லை, 0.82. ஆபீசில் உட்கார்ந்து இந்த எண்ணைப் பார்க்கிற எவருக்கும் 'ஒரு நாளைக்கு ஒரு பிரசவம்கூட இல்லையே, இவர்களுக்கு என்ன வேலை?' என்றுதான் தோன்றும்.

குழந்தைகள் சராசரி பார்த்துப் பிறப்பதில்லை. பிசினஸ் ஸ்டாடிஸ்டிக்ஸில் வரும் பாய்ஸான் பங்கீட்டை இங்கே போட்டுப் பாருங்கள். பிரசவங்கள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் வருகின்றன என்றால், வருடத்தில் சுமார் 160 நாள் ஒரு பிரசவமும் இருக்காது. 132 நாள் ஒன்று. மீதி 73 நாள் இரண்டு அல்லது அதற்கு மேல். அதிலும் 18 நாள் போல மூன்றோ அதற்கு மேலோ. அந்த 160 நாளைப் பார்த்து ஆளைக் குறைத்தால், அடி விழுவது இந்த 73 நாளில்.

பெரிய ஆஸ்பத்திரியில் இது வேறு மாதிரி. நாளைக்குச் சராசரி 20 பிரசவம் என்றால், பிரசவமே இல்லாத நாள் என்று ஒன்று இல்லை. ஆனால் வருடத்தில் 57 நாள் போல 25-ஐத் தாண்டவோ தொடவோ செய்யும். எட்டு நாள் போல 30-ஐத் தொடும். 20-க்கு என்று போட்ட ஆட்கள் அன்றைக்கு 30 பேரைப் பார்ப்பார்கள். லேபர் வார்டில் 'நர்ஸம்மா கத்தினாங்க', 'யாரும் திரும்பிக்கூடப் பார்க்கலை' என்று சொல்லும் தாய்மார்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். கத்தியது தப்புதான். ஆனால் அந்த ஷிஃப்டில் எத்தனை பேருக்கு எத்தனை பேர் இருந்தார்கள் என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

ஒரு ஜோடிக் கை, இரண்டு உயிர்

சரி, நாலரை நர்ஸ் கொடுத்துவிட்டார்கள். ராத்திரி எந்நேரமும் ஒரு நர்ஸ் உண்டு. போதுமா?

ராத்திரி இரண்டரை மணி. குழந்தை வெளியே வந்துவிட்டது, அழவில்லை. மூச்சு வராத குழந்தைக்கு முதல் ஒரு நிமிடத்துக்குள் பலூன் வைத்து மூச்சு கொடுக்க வேண்டும் என்று பயிற்சியில் சொல்லித்தருகிறார்கள். அதே நிமிடத்தில் அம்மாவுக்கு ரத்தப்போக்கு. கர்ப்பப்பையை அழுத்திப் பிடிக்க வேண்டும், ஊசி போட வேண்டும், டிரிப் ஏற்ற வேண்டும், 108-ஐக் கூப்பிட வேண்டும். நர்ஸ் ஒருவர். கை இரண்டு. யாரைப் பார்ப்பார்?

இது சினிமாவுக்காக எழுதிய காட்சி இல்லை. பிரசவத்தில் நோயாளி எப்போதும் இரண்டு பேர். பிரசவத்துக்குப் பிந்தைய கடும் ரத்தப்போக்கைக் கவனிக்காமல் விட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் உயிர் போகலாம். 2023-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா நாடுகளின் 80 ஆஸ்பத்திரிகளில் நடந்தது. அளவுக்கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் விரிப்பைத் தாய்க்கு அடியில் வைத்து ரத்தத்தை அளந்தார்கள். அளவு தாண்டியதும் எல்லா மருந்தையும் மசாஜையும் ஒன்றாக, உடனே கொடுத்தார்கள். கடும் ரத்தப்போக்கும் அதனால் வரும் ஆபரேஷன், மரணமும் சேர்ந்து 60 சதவீதம் குறைந்தன. மலிவான விரிப்பு, பழைய மருந்துகள். ஆனால் அந்தக் கோட்டைப் பார்க்க ஒருவர் அங்கேயே நிற்க வேண்டும் இல்லையா?

பணக்கார நாட்டில் இந்தப் பிரச்சினை இல்லை என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில் ஷ்ரூஸ்பரி, டெல்ஃபோர்ட் ஆஸ்பத்திரிகளின் பிரசவப் பிரிவு பற்றி டோனா ஆக்கென்டன் தலைமையில் நடந்த விசாரணையின் இறுதி அறிக்கை 2022 மார்ச்சில் வந்தது. 1,486 குடும்பங்களின் கதையை ஆராய்ந்த அந்த அறிக்கை, போதுமான ஆட்கள், அவர்களுக்கான பயிற்சி, அதற்கான பணம் ஆகியவற்றை முன்வரிசையில் வைத்தது. அங்கே லேபர் வார்டு ஷிஃப்டின் தலைமை மிட்வைஃபுக்குத் தனியாக எந்தத் தாயையும் ஒதுக்கக்கூடாது என்று விதி இருக்கிறது. அவர் வேலை மொத்த வார்டையும் கவனிப்பது, நெருக்கடி வரும் இடத்துக்கு ஆள் அனுப்புவது. நம் காஸ்டிங் புத்தகத்தில் அவர் பெயர் என்ன? ஐடில் டைம்.

தீயணைப்பு நிலையத்தில் ஆட்கள் கேரம் போர்டு விளையாடிக்கொண்டிருந்தால் யாரும் நஷ்டம் என்று சொல்வதில்லை. தீப்பிடிக்கவில்லை, நல்லது என்று போய்விடுவார்கள். பிரசவ வார்டுக்கும் அதே கணக்குதான். அங்கே விற்கும் சரக்கு பிரசவம் அல்ல, தயார்நிலை.

7,700 ரூபாய்க்கு ஒரு நர்ஸ்

ஆளைக் கூட்ட வேண்டும் என்றால் செலவு வரும். அரசாங்கம் கண்டுபிடித்த குறுக்கு வழி தொகுப்பூதியம். 2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு வைத்து ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட நர்ஸ்களை எடுத்தது. மாதம் 7,700 ரூபாய். இரண்டு வருடத்தில் நிரந்தரம் ஆகும் என்ற நம்பிக்கையில் சேர்ந்தவர்கள், ஆகவில்லை என்றதும் 2017 நவம்பரில் சென்னையில் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். சம்பளம் பிறகு 14,000, அப்புறம் 18,000 என்று ஏறியது. நிரந்தரம் மட்டும் தவணை தவணையாக நகர்ந்தது.

இதை வெறும் தொழிலாளர் பிரச்சினை என்று தள்ளிவிட முடியாது. லேபர் வார்டு வேலை கையால் கற்கும் வேலை. வயிற்றைத் தொட்டுப் பார்த்து 'இது நேரத்துக்கு இறங்காது, இப்போதே அனுப்பிவிடு' என்று சொல்லும் அனுபவம் வருடக்கணக்கில் வருவது. சம்பளம் போதாமல் ஆள் மாறிக்கொண்டே இருந்தால் அந்த அனுபவம் எங்கே சேரும்? கம்பெனி பாலன்ஸ் ஷீட்டில் 'குட்வில்' என்று ஒரு சொத்து உண்டு, கண்ணுக்குத் தெரியாது. லேபர் வார்டில் அந்தச் சொத்து அனுபவம். அதற்கு யாரும் கணக்கு வைப்பதில்லை.

டாக்டர்கள் பக்கமும் இதே கதை. ஆபரேஷன் தியேட்டர் இருக்கும், பிரசவ டாக்டர் இருப்பார், மயக்க மருந்து டாக்டர் இருக்க மாட்டார். அப்போது அந்தத் தியேட்டர் வெறும் ஏ.சி. ரூம். இதைச் சமாளிக்க, சாதாரண எம்.பி.பி.எஸ். டாக்டர்களுக்கு 18 வாரப் பயிற்சி கொடுத்து உயிர்காக்கும் அளவுக்கு மயக்க மருந்து கொடுக்கச் சொல்லித்தந்த மத்திய அரசுத் திட்டமும், தனியார் நிபுணர்களைத் தேவைக்குக் கூப்பிட்டுப் பணம் கொடுத்த தமிழ்நாட்டு ஏற்பாடும் உதவின. ஆனால் ராத்திரி ரெண்டு மணிக்கு 'ஆன் கால்' என்றால் வீட்டிலிருந்து கிளம்பி வர வேண்டும். அந்த அரை மணி நேரம் யாருடையது?

ராத்திரியும் சிசேரியனும்

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். தனியாரில் 63.8, அரசு ஆஸ்பத்திரிகளில் 36. இந்தியா முழுவதும் சேர்த்து 21.5தான். பணம், பயம், நாள் நட்சத்திரம் என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். எல்லாம் உண்மையாக இருக்கலாம். ஆனால் ஆள் கணக்கும் ஒரு காரணம் என்பதை யாரும் பேசுவதில்லை.

சுகப்பிரசவத்துக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் ஒருவர் பக்கத்தில் இருந்து குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். எப்போது முடியும் என்று தெரியாது. சிசேரியன் ஒரு மணி நேரத்தில் முடியும், பகலிலேயே வைத்துக்கொள்ளலாம், டாக்டர் எல்லோரும் இருப்பார்கள். ராத்திரி ஆள் குறைவாக இருக்கிற ஆஸ்பத்திரியில் 'எதுக்கு ரிஸ்க், சாயங்காலத்துக்குள்ளே எடுத்துடலாம்' என்ற முடிவு தானாகவே வந்துவிடும். கத்தி எடுப்பது அங்கே டூட்டி ரோஸ்டர்!

நிதானமாகப் பக்கத்தில் இருக்க வேண்டிய அந்த ஆள் டாக்டராக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. 2018-ல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலில், நர்ஸ்களுக்கு 18 மாதம் தனிப் பயிற்சி கொடுத்து மிட்வைஃபாக்கி, சிக்கல் இல்லாத பிரசவங்களை அவர்கள் பொறுப்பில் விடும் திட்டம் இருக்கிறது. அந்தக் காலத்து மருத்துவச்சியின் பொறுமையும் இந்தக் காலத்துப் படிப்பும் சேர்ந்த ஆள். அந்தப் பயிற்சி முடித்தவர்களைக் காய்ச்சல் வார்டுக்கும் ரிஜிஸ்டர் எழுதவும் மாற்றாமல் லேபர் வார்டிலேயே வைத்திருப்பார்களா என்பதில்தான் இதன் வெற்றி இருக்கிறது.

என்ன செய்யலாம்?

இரண்டு நர்ஸ் எந்நேரமும் வேண்டும் என்றால் எட்டு அல்லது ஒன்பது பேர் வேண்டும். 300 பிரசவத்துக்கு ஒன்பது நர்ஸ் என்றால் ஆளுக்கு வருடத்துக்கு 33 பிரசவம். எல்லா பி.எச்.சி.யிலும் இது முடியாது, தேவையும் இல்லை. அவ்வளவு குறைவாகப் பிரசவம் பார்த்தால் கைப்பழக்கமும் விட்டுப்போகும்.

ஆகவே கொஞ்சம் கசப்பான யோசனை. பக்கத்துப் பக்கத்தில், நல்ல ரோடு உள்ள இரண்டு பி.எச்.சி.களில் ஆளுக்கு நாலு நர்ஸை வைத்து இரண்டையும் அரைகுறையாக நடத்துவதைவிட, ஒன்றில் எட்டுப் பேரை வைத்து ராத்திரியும் இரண்டு பேர் இருக்கும்படி செய்வது மேல். இன்னொன்றில் பிரசவத்துக்கு முந்தைய, பிந்தைய கவனிப்பு தொடரட்டும். அங்கே பெரிய எழுத்தில் 'இங்கே இரவுப் பிரசவம் இல்லை, வண்டி தயார்' என்று எழுதி, உண்மையிலேயே ஒரு வண்டியை நிறுத்தட்டும். 'எங்க ஊர் ஆஸ்பத்திரியை மூடாதே' என்று சண்டை வரும். வரட்டும். பூட்டிய கதவுகூட 'வேறு இடம் போ' என்று உண்மையைச் சொல்கிறது. திறந்த கதவுக்குப் பின்னால் ஆள் இல்லை என்றால் அது அந்த நேரத்தையும் சேர்த்துத் திருடிக்கொள்கிறது.

மலைப் பகுதிகளுக்கு இந்த விதி பொருந்தாது. ஜவ்வாது மலையிலோ கொல்லி மலையிலோ எண்ணிக்கை எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஆள் இருந்தே ஆக வேண்டும். தேதிக்கு முன்பே வந்து தங்கும் பிரசவக் காத்திருப்பு அறைகள் பழங்குடிப் பகுதிகளில் இருக்கின்றன, அவற்றை இன்னும் நன்றாக நடத்தலாம். அங்கே ஒரு நர்ஸின் வருடச் சம்பளத்தைப் பிரசவ எண்ணிக்கையால் வகுத்துப் பார்ப்பதே தப்பு.

இன்னும் இரண்டு விஷயம். ஒன்று, வட்டாரத்துக்கு இரண்டு, மூன்று நர்ஸ்களை 'விடுப்பு மாற்று' என்றே நியமிக்க வேண்டும். பஸ் டிப்போவில் ஸ்பேர் டிரைவர் இருக்கும்போது லேபர் வார்டுக்கு ஏன் இருக்கக்கூடாது? இரண்டாவது, ஆய்வுக் கூட்டத்தில் 'இந்த மாதம் எத்தனை பிரசவம்?' என்று மட்டும் கேட்பதை நிறுத்திவிட்டு, 'இந்த மாதம் எத்தனை ராத்திரி ஒரே ஆள் இருந்தார்?' என்று கேட்க வேண்டும். எதை அளக்கிறார்களோ அதுதான் திருந்தும்.

தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் ஆஸ்பத்திரியில்தான் நடக்கின்றன என்று அதே குடும்ப நல ஆய்வு சொல்கிறது. பெண்கள் தங்கள் பங்கைச் செய்துவிட்டார்கள். 'ஆஸ்பத்திரிக்கு வா' என்றார்கள், வந்துவிட்டார்கள். இனி கேள்வி, வந்தவளுக்கு அங்கே யார் இருக்கிறார்கள் என்பதுதான்.

உங்கள் அக்காவுக்கோ அண்ணிக்கோ தேதி குறித்திருந்தால், ஆஸ்பத்திரியில் ஏ.சி. ரூம் இருக்கிறதா, கேன்டீன் எப்படி என்று கேட்பதோடு இதையும் கேளுங்கள்: "ராத்திரி ரெண்டு மணிக்கு லேபர் வார்டில் எத்தனை பேர் இருப்பீங்க?" பதில் சொல்பவர் ஒரு நிமிஷம் யோசித்தால், நீங்களும் யோசியுங்கள்.